இடிந்த சுவரை அள்ளுவதற்கு முன்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதி கடலோர ஊர் அல்ல. புயல் கரை கடக்கும் செய்திகளில் அதன் பெயர் வருவதில்லை. நிவாரண அறிவிப்புகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் அது குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டங்களோடு நின்றது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அப்போது அறிவித்த 2,000 ரூபாய் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கானது. இரண்டு முறையும் உத்திரமேரூர் வட்டம் அந்தப் பட்டியலுக்கு வெளியே.

ரேஷன் கார்டுக்கு மொத்தமாகத் தரும் பணம் வேறு. வீடு இடிந்ததற்கும் மாடு செத்ததற்கும் பயிர் அழிந்ததற்கும் தரும் உதவி வேறு. மொத்தமாகத் தருவது தானாக வரும். சேதத்துக்குத் தருவது, கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதும் பட்டியலில் உங்கள் வீட்டின் பெயர் ஏறினால்தான் வரும். மானாம்பதி போன்ற உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. எனவே காற்று ஓய்ந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே முக்கியம்.

நம் மக்கள் சுறுசுறுப்பானவர்கள். விடிந்ததும் விழுந்த ஓட்டைப் பொறுக்கி, மண்ணை வாரி, கீற்றை மாற்றி, சாயங்காலத்துக்குள் குடியிருக்கும்படி ஆக்கிவிடுவார்கள். நான்காம் நாள் தலையாரியோ வி.ஏ.ஓ.வோ வரும்போது, பார்ப்பதற்குச் சேதமே இருக்காது. அள்ளுவதற்கு முன் போட்டோ எடுங்கள். வீட்டின் நான்கு பக்கமும், உள்ளே இருந்து வானம் தெரியும் இடமும், நனைந்த மூட்டைகளும் படத்தில் வரட்டும். ஒரு படத்திலாவது வீட்டுக்காரரும் கதவிலக்கமும் சேர்ந்து தெரிய வேண்டும். தேதி காட்டும் செல்போன் படமாக இருந்தால் நல்லது. படங்களைப் பிள்ளைகளின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள். செல்போன் நனைந்து கெட்டுப்போனாலும் படம் மிஞ்சும்.

படம் எடுக்கப் போகும் இடத்தில் ஆபத்தும் உண்டு. மழை விட்ட பிறகும் ஊறிய மண்சுவர் இளகிச் சரியலாம். வெயில் வந்துவிட்டதே என்று உள்ளே போகக் கூடாது. 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மதில் சுவர் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். சுவர் உப்பியிருந்தாலோ புதிய வெடிப்பு தெரிந்தாலோ, அதை ஒட்டியிருக்கும் அடுத்த வீட்டாரும் வெளியே படுக்க வேண்டும். அறுந்த மின்கம்பியைக் குச்சியால்கூட நகர்த்தாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

இனி பணக் கணக்கு. மாநிலப் பேரிடர் நிதிக்கான மத்திய அரசு விதிகளில், 2022-23 முதல் 2025-26 வரைக்கானவற்றில், சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதமடைந்த வீட்டுக்கு, அதுவும் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருந்தால், காரை வீடானால் 6,500, மண்வீடானால் 4,000. குடிசைக்கு 8,000, ஃபெஞ்சலின்போது தமிழக அரசு அதை 10,000 ஆக்கியது. உயிரிழப்புக்கு விதிப்படி 4 லட்சம், தமிழகம் அறிவித்தது 5 லட்சம். கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. தொகை அவ்வப்போது மாறும் என்பதால் நடப்பு விவரத்தைத் தாலுகா ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எண்களில் உற்றுப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே மண்சுவர் ஓட்டு வீட்டை ‘பகுதி’ என்று எழுதினால் 4,000. ‘முழுமை’ என்று எழுதினால் 1,20,000. ஒரு சொல்லில் இவ்வளவு வித்தியாசம்! மூன்று சுவர் நின்று ஒரு சுவர் விழுந்திருந்தாலும், மீதிச் சுவர்கள் கூரையைத் தாங்காது என்றால் அந்த வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. அதை எழுதுபவரிடம் அங்கேயே சொல்லுங்கள். அவர் என்ன எழுதினார் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முதலில் பகுதி என்று எழுதிய வீடு, வாரம் கழித்து முழுதும் சரிந்தால் மறுபடி படமெடுத்து மறுபடி மனு கொடுங்கள்.

பட்டா இல்லாதவர்கள் மனுவே கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் குடியிருக்கும் இருளர் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு காகிதமும் இருக்காது. வீட்டுக்கான உதவிக்கு, அனுமதி பெற்ற கட்டுமானம் என்ற சான்றை விதி கேட்கிறது. ஆனால் குடிசை என்பதற்கு அது தரும் வரையறை வேறு: கீற்று, மண், பிளாஸ்டிக் தாள் முதலியவற்றால் ஆன தற்காலிகக் குடியிருப்பு, மாவட்ட நிர்வாகம் குடிசை என்று ஏற்பது. இடம் யாருடையது என்பது அந்த வரையறையில் இல்லை. ரேஷன் கார்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் அந்த முகவரியோடு மனு கொடுங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டார் கையெழுத்தோடு கொடுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 61, நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், பிறப்பு, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் தலித்துகளும் இருளர்களும் ஒதுக்கப்பட்டதாகப் பதிவுகள் உண்டு. கணக்கெடுப்பு ஊர்த்தெருவோடு திரும்பிவிட்டால், காலனிக்காரர்கள் சேர்ந்தே தாசில்தாரிடம் போவதற்கு இந்தப் பிரிவு போதுமான காரணம்.

பயிர் விஷயம் இன்னும் சிக்கலானது. அதே விதிகளின்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் உதவி. பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, நீண்டகாலப் பயிருக்கு 22,500. ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் நெல்லுக்கு ஏழாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. சாகுபடிச் செலவுக்குப் பற்றாத பணம்தான், ஆனாலும் விடக் கூடாது. குத்தகைக்கு உழுபவர் பெயர் அடங்கலில் இல்லாவிட்டால், நட்டவர் ஒருவரும் பணம் வாங்குபவர் வேறொருவருமாக ஆகிவிடும். அடங்கலில் பெயர் ஏற்றுவது புயலுக்குப் பிறகு செய்யும் வேலை அல்ல. நடவு முடிந்ததும் செய்ய வேண்டியது.

பயிர்க் காப்பீடு தனி. சம்பாவுக்குப் பதிவு செய்ய வழக்கமாக நவம்பர் நடுவில் கடைசி நாள் வரும். சம்பா அடங்கும் ராபி பருவ உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். நிற்கும் நெல்லுக்கான இழப்பு பெரும்பாலும் பயிர் அறுவடைப் பரிசோதனை வழியாக ஊர்க் கணக்காகவே மதிப்பிடப்படும். ஆனால் அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் புயல் மழையில் நனைந்தால், அறுத்த 14 நாளுக்குள் அது தனி இழப்பாகும். 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-க்குச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் பணத்தை இழப்பது இந்த 72 மணி நேரத்தில்தான். கால்நடை உதவிக்கும் ஆதாரம் வேண்டும். மாடு, ஆடு செத்தால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் முன் புதைக்காதீர்கள்.

சுழன்றடிக்கும் காற்று பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மார்ச் 31 மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியில் சில நிமிடங்களே வீசிய சுழல்காற்று வீடுகளைப் பிய்த்தெறிந்து உயிர்களையும் பறித்தது. மத்திய விதியின் பேரிடர் பட்டியலில் புயலும் வெள்ளமும் ஆலங்கட்டி மழையும் உண்டு. தனியாக வீசும் சுழல்காற்று இல்லை. மாநிலங்கள் தங்கள் நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்கு ஒதுக்கலாம். ஒடிசா சுழல்காற்றையும் கேரளம் பலத்த காற்றையும் அப்படிச் சேர்த்திருக்கின்றன. ஆகவே மனுவில் ‘காற்றில் விழுந்தது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தேதி, என்ன நேரம், எந்தப் புயலின் காற்று, கூட மழை பெய்ததா என்பதெல்லாம் இருக்கட்டும்.

மனுவை வி.ஏ.ஓ.விடம் வாயால் சொல்லி விடாமல் எழுத்தாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அங்கே நகரவில்லை என்றால் உத்திரமேரூர் வட்டாட்சியர், அதற்கும் மேலே திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. யாராவது ‘பெயர் சேர்க்கிறேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நிவாரணத்துக்குக் கட்டணம் கிடையாது. இல்லாத சேதத்தைக் காட்டினால், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

வடகிழக்குப் பருவமழை முடிந்து வரும் கிராம சபை ஜனவரி 26. சேதப் பட்டியலை அங்கே படிக்கச் சொல்லுங்கள். பத்தாம் நூற்றாண்டிலேயே, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்வாக முடியாது என்று கல்லில் வெட்டிய ஊர் உத்திரமேரூர். அந்த வட்டத்தில் பட்டியலைக் கேட்கத் தயங்க வேண்டாம். பெயர் விடுபட்டிருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டு, உங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் வக்கீலுக்குப் பணமில்லை என்று நின்றுவிடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987, பிரிவு 12-இன்படி வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்து, படங்களும் மனு நகலும் கையில் இருப்பதாகச் சொல்லுங்கள்.