பாட்டியின் கையெழுத்தில் ஒரு சாவி

சிங்கப்பூரில் 21வது பிறந்தநாளுக்குத் தனி மவுசு உண்டு. வாக்களிக்கும் வயது அது. பழைய ஆங்கிலேய வழக்கத்தை ஒட்டி, அன்று பெரிய அலங்காரச் சாவி ஒன்றைப் பரிசாகத் தருவோர் இன்றும் இருக்கிறார்கள். ‘இனி நீ நினைத்த நேரத்தில் வீட்டுக்கு வரலாம், போகலாம்’ என்பது அதன் பொருள். எங்களில் பலர் தொடக்கப்பள்ளியிலேயே வீவக வீட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் என்பது வேறு கதை.

சென்ற மாதம் என் தோழிக்கு 21 வயது. கடையில் வாங்காமல், அந்தச் சாவியை நாங்களே செய்வது என்று நண்பர்கள் நால்வர் முடிவெடுத்தோம். எங்கள் பல்கலைக்கழகப் பட்டறையில் லேசர் இயந்திரம் உள்ளது. பாதுகாப்புப் பயிற்சியை முடித்த மாணவர்கள் நேரத்தைப் பதிவுசெய்து பயன்படுத்தலாம்.

அது கரியமில வாயு லேசர் வகை. 1964ல் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல். இதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. இயந்திரத்தில் நாம் பார்க்கும் சிவப்புப் புள்ளி இடத்தைக் காட்டும் வழிகாட்டி மட்டுமே. வேகத்தைக் கூட்டி, சக்தியைக் குறைத்தால் மரத்தின் மேற்பரப்பு மட்டும் கருகிக் கோடு விழும். வேகத்தைக் குறைத்து, சக்தியைக் கூட்டினால் பலகை அறுந்துவிடும். மரம், அக்ரிலிக், தோல் ஆகியவற்றில் வேலை செய்யலாம். பிவிசி பிளாஸ்டிக்கை மட்டும் உள்ளே வைக்கவே கூடாது. அது எரியும்போது வரும் புகை நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

தோழியின் பெயரைத் தமிழில் வெட்டி எடுத்துச் சாவியின் தலையில் பொருத்தலாம் என்பது எங்கள் முதல் எண்ணம். வரைபடத்தைத் திரையில் பார்த்தபோதே அதிலுள்ள சிக்கல் புரிந்தது. ஆங்கிலப் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதினால் ஒரே துண்டாக வெட்டலாம். தமிழ் எழுத்துகள் அப்படிக் கைகோத்து நிற்பதில்லை. ‘கார்த்திகா’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் ஐந்துதான். ஆனால் கால்கள் தனியாகவும் புள்ளிகள் தனியாகவும் விழுவதால், வெட்டினால் ஒன்பது துண்டுகள். புள்ளி தொலைந்தால் பெயரே மாறிவிடும்!

ஆகவே வெட்டுவதை விட்டுவிட்டுப் பொறிப்பது என்று தீர்மானித்தோம். பொறிப்பதில் ஒரு வசதி இருந்தது. எழுத்துரு தேவையில்லை, எந்தக் கோட்டையும் அப்படியே மரத்தில் கொண்டுவரலாம். அப்படியென்றால் யாருடைய கையெழுத்தையும் கொண்டுவரலாமே என்றான் நண்பன் ஒருவன்.

தோழியை வளர்த்தவர் அவளுடைய பாட்டி. பெற்றோர் இருவரும் மாறுநேர வேலை பார்த்ததால், தொடக்கநிலையில் அவளுடைய சொல்வதெழுதுதல் புத்தகத்தில் வாரந்தோறும் கையொப்பமிட்டவர் அவர்தான். மற்ற பிள்ளைகளின் புத்தகங்களில் ஆங்கிலக் கையொப்பம் இருக்க, இவளுடையதில் மட்டும் பாட்டியின் முழுப்பெயரும் தமிழில் இருக்குமாம். அப்போது அதைத் தோழிகளிடம் காட்ட வெட்கப்பட்டதாக அவளே எங்களிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது பாட்டிக்குக் கை நடுக்கம். சில ஆண்டுகளாகப் பேனாவைத் தொடுவதில்லை.

தோழியின் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டோம். “ஒரு புத்தகத்தைக்கூட தூக்கிப் போடலப்பா,” என்று ஆன்ட்டி அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கட்டை இறக்கினார். தொடக்கநிலை 3 புத்தகத்தில் தெளிவான கையொப்பம் ஒன்று கிடைத்தது. அதை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்தோம். ‘இன்க்ஸ்கேப்’ என்ற இலவச மென்பொருளில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கோடுகளாக மாற்றினோம். பாட்டி அழுத்தி எழுதிய இடம், பேனா சற்றே தயங்கிய இடம் எல்லாம் அப்படியே வந்தன. எதையும் ‘அழகாக்க’ வேண்டாம் என்று நால்வரும் ஒருமனதாக முடிவுசெய்தோம்.

3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில், புகைக்கறை படியாமலிருக்க மறைப்பு நாடாவை ஒட்டினோம். கழிவுப் பலகையில் ஒருமுறை சோதித்துப் பார்த்தோம். முதலில் பொறித்து, பிறகுதான் சாவியின் உருவத்தை வெட்ட வேண்டும். முன்பே வெட்டினால் துண்டு நகர்ந்து எழுத்து கோணலாகிவிடும். இயந்திரம் ஓடும்வரை அருகிலேயே நின்றோம். அதைத் தனியே விட்டுச் செல்லக்கூடாது என்பது பட்டறையின் முதல் விதி.

பிறந்தநாளன்று தோழி சாவியைக் கையில் வாங்கியதும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள். எழுத்தைப் படித்ததும் பேச்சு நின்றுவிட்டது. சற்று நேரம் கழித்துப் பாட்டியின் மடியில் அதை வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலால் எழுத்தைத் தடவினார். “இது என் கையெழுத்தா? இவ்வளவு நேரா எழுதினேனா நான்?” என்றார்.

இயந்திரத்துக்குத் தேவைப்பட்டது இருபது நிமிடம்கூட இல்லை. அந்தப் புத்தகத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருவர் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இந்தப் பரிசு சாத்தியமானது. உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய பயிற்சிப் புத்தகமோ, கடைச் சாமான் பட்டியலோ, திருமணப் பத்திரிகையின் ஓரத்தில் எழுதிய குறிப்போ இருக்கலாம். பரிசு செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வாரமே அதைத் தேடியெடுத்து, ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.