காந்தியடிகளின் அஹிம்சையும் அதன் வேர்களும்

நமது தூத்துக்குடி, நாட்டு விடுதலையின் பொருட்டு எழுந்த இருவேறு நெறிகளையும் அண்மையில் நின்று கண்ட ஊராகும். 1906-ஆம் ஆண்டில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் இங்கே சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார்கள். 1908 மார்ச்சில் அவர்கள் சிறைப்படவே, திருநெல்வேலியிற் கலகம் மூண்டு துப்பாக்கிக்குச் சிலர் இரையாயினர். 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்திலே வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டான். அவனிடம் அகப்பட்ட கடிதம் சனாதன தர்மத்தின் பெயரால் அச்செயலை நியாயப்படுத்திற்று. எட்டாண்டுகள் கழித்து, 1919 மார்ச்சில், ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகத்தை விளக்கும்பொருட்டுக் காந்தியடிகள் இவ்வூருக்கு வந்தார்கள். அவர்களும் தம்மை ஹிந்து என்றே சொல்லிக்கொண்டார்கள். ஒரே மதத்தினின்று கொலையும் கொல்லாமையும் எங்ஙனம் பிறத்தல் கூடும்? இவ்வினாவே ஈண்டு ஆராயத்தக்கது.

அடிகளின் சமயக் கல்வி ஏட்டிலிருந்து தொடங்கியதன்று. அன்னையார் புத்லிபாய் வைஷ்ணவ நெறி நின்று, கடுமையான விரதங்களைத் தவறாது காத்தவர். தம்மைத் தாமே வருத்திக்கொள்ளுதல் பிறரை வருத்துதலினும் மேலான வலிமை என்பதனை மைந்தர் அவரிடமே கண்டார். செவிலியாகிய ரம்பை ராமநாமத்தைக் கற்பித்தாள். அரிச்சந்திர நாடகமோ, உண்மைக்காகத் துன்புறுதலே வாழ்வின் பயன் என்னும் எண்ணத்தை இளநெஞ்சிற் பதித்தது. பின்னாளில் தென்னாப்பிரிக்காவிற் கிறிஸ்தவ நண்பர்களுடன் பழகியபோது எழுந்த ஐயங்களை, ஜைன ஞானியாகிய ராய்சந்திரருக்கு எழுதித் தெளிவு பெற்றார். மலைப்பிரசங்கமும், டால்ஸ்டாயின் நூல்களும் அவர் உள்ளத்தை ஆழமாகத் தொட்டன என்பதை அவரே மறைக்காது கூறியுள்ளார். ஆயினும் அவை விழுந்தது முன்னரே உழுது பண்பட்ட நிலத்திலாம்.

இனி, கீதையைப் பற்றி ஒரு தடை எழும். போர்க்களத்திலே, போர்புரிக என்று கூறும் நூல் அஹிம்சைக்கு எவ்வாறு வேராகும்? அடிகள் குருக்ஷேத்திரத்தை மனித உள்ளமாகக் கொண்டார். 1930-இல் வெளிவந்த ‘அனாசக்தி யோகம்’ என்னும் தமது உரையில், அஹிம்சையை நிலைநாட்டுவதற்கென்றே கீதை இயற்றப்பட்டதன்று என ஒப்புக்கொண்டார். எனினும், பயனில் பற்றற்றவனுக்குப் பொய்யோ கொலையோ வேண்டப்படாது. பொய்யும் கொலையும் ஆசையின் மக்களாதலின், ஆசை ஒழிந்தவிடத்து அவையும் ஒழியும் என்பதே நாற்பதாண்டு வாழ்ந்து பார்த்துத் தாம் கண்ட முடிபு என்றார்.

முன்னாளில் நம் முத்துக்குளித்துறையிற் பார்களினின்று எடுத்த சிப்பிகளைக் கரையிற் குவித்து, அழுகவிட்டு, கழுவி, முத்தைத் தேர்ந்தெடுப்பர். சிப்பி முழுவதும் முத்தே என்பாருமிலர். நாற்றத்திற்கு அஞ்சி முத்தை எறிந்துவிடுவாருமிலர். அடிகள் சாத்திரத்தை ஆண்டமுறையும் அஃதே. அறிவிற்கும் அறத்திற்கும் மாறுபடுவதனைச் சாத்திரம் என்ற பெயராலும் அவர் ஏற்றாரல்லர். ஆதலின், தீண்டாமையைத் தமது மதத்தின்மேற் படிந்த மாசென்று கண்டித்து, 1934-இல் அரிஜன யாத்திரையாக மீண்டும் இந்நகருக்கு வந்தார்.

இவ்வேர்களுள் ஒன்று நமக்கு மிக அணித்து. 1908-இல் டால்ஸ்டாய் ஓர் இந்தியருக்கு வரைந்த கடிதத்திற் குறளின் இன்னா செய்யாமைக் கருத்துக்களை எடுத்தாண்டார்; அதனை மறுவருடம் குஜராத்தியில் மொழிபெயர்த்தவர் காந்தியடிகளே. தமிழ் பயிலத் தமக்கு உதவியது போப்பையரின் கையேடு என்று அடிகள் எழுதியுள்ளார். குறளை 1886-இல் ஆங்கிலமாக்கிய அப்போப்பையர் நம் அருகிலுள்ள சாயர்புரத்திற் பணியாற்றியவர் அன்றோ!

1948 ஜனவரி 30-ஆம் நாள் அடிகளைச் சுட்டவனும் தன் மதத்தைக் காப்பதாகவே எண்ணினான். ஆகவே, மதம் ஒருவனை எந்நெறியிற் செலுத்தும் என்பது, அவன் தன் நூலை ஆசையோடு ஓதுகின்றானா, ஆசையை அடக்கி ஓதுகின்றானா என்பதைப் பொறுத்ததாம். ஹிந்துவாயினும் கிறிஸ்தவராயினும் இஸ்லாமியராயினும், தத்தம் மறையை ஏந்தும் மாணவ நண்பர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவே.