இருவருக்கோர் இலேசான கூடாரம்

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் கண்டுணர்ந்த உண்மை. ஊரில் நிலையாய் நிற்கும் வீட்டை எண்ணிச் சொன்ன இம்மொழி, முதுகில் சுமந்து செல்லும் வீட்டுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அத்தகைய சிறு வளையொன்றைக் கைக்கு அடங்கிய பணத்தில் எவ்வாறு தேர்ந்து வாங்குவது என்பதையே இன்று வாசகர்களோடு ஆராய எண்ணினோம். இவ்வெண்ணத்தை எம்முள் எழுப்பியவர்கள் கரவெட்டியில் வாழும் எமது உறவுப் பிள்ளைகள் இருவர்.

பரீட்சை எழுதி முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் இவ்விளைஞர்களுக்கு ஓர் ஆசை பிறந்தது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் அடியார்கள் பாதயாத்திரை செல்வர் அல்லவா? அக்கூட்டத்தோடு தாமும் நடக்கவேண்டும் என்பதே அவ்வாசை. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எனக் கிழக்குக் கரையை ஒட்டிச் சென்று, உகந்தை முருகனைத் தொழுது, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேரும் நெடுவழி அது. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட இயலாதிருந்து, பின்னர் மீண்டும் தழைத்த வழக்கம். நடை முடியப் பல வாரங்கள் செல்லும். கோயில் மடங்களிலும் பாடசாலைகளிலும் தங்க இடங் கிடைக்கும் இரவுகள் உண்டு. கிடைக்காத இரவுகளும் உண்டு. அவ்விரவுகளுக்காக இருவர் படுக்கும் இலேசான கூடாரம் ஒன்றை வாங்கச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தனர். எதை வாங்குவது என்று எம்மிடம் ஆலோசனை கேட்டனர்.

அம்மம்மாவின் மறுப்பு

நாம் வாய் திறக்குமுன் அவர்களின் அம்மம்மா குறுக்கிட்டார். “கூடாரத்துக்குள்ளை கிடந்தது எனக்குக் காணும் மோனை. அதைக் காசு குடுத்து வாங்கி, விரும்பிப் போய்ப் படுக்கிறதோ?” என்றார்.

அச்சொல்லில் இருந்த வேதனையை இளைஞர்கள் உடனே உணரவில்லை. நாம் உணர்ந்தோம். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வடமராட்சி கிழக்குக் கரையை அழித்தபோது அவர் அங்கே வாழ்ந்தவர். வீடிழந்த பின் பல மாதங்கள் தடித்த துணிக்கூடாரம் ஒன்றே அவருக்கு வீடாயிருந்தது. நம் நாட்டில் கூடாரம் என்ற சொல், பிற நாட்டவர்க்குப்போல் விடுமுறையையும் உல்லாசத்தையும் மாத்திரம் நினைவூட்டுவதன்று. அது இழப்பின் பெயராகவும் இருந்திருக்கிறது. இதனை இளந்தலைமுறையினர் அறிந்திருத்தல் நன்று.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். கூடாரத்தின் குறைகளை அதனுள் வாழ்ந்தவரைவிட அறிந்தவர் யார்? “அப்போது உங்களைப் பெரிதும் வருத்தியவை எவை?” என்று மெல்லக் கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்த அவர், பின் விரல் மடக்கிச் சொன்னார். பகல் வெக்கையில் உள்ளே இருக்க முடியாது. மழைக்குக் கூரையால் வந்த தண்ணீரைவிட நிலத்தால் வந்த தண்ணீரே அதிகம். இரவில் நுளம்பு. இம்மூன்றையும் நாம் குறித்துக்கொண்டோம். கடைக்காரர் தரும் விளம்பரத் தாளிலும் பார்க்க இக்குறிப்பு எமக்குப் பின்னர் பெரிதும் பயன்பட்டது.

எங்கே, எப்போது?

கூடாரம் வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா விலையன்று. எங்கே, எந்தக் காலத்தில் அதனை விரிக்கப் போகிறோம் என்பதேயாம். பாதயாத்திரை நடைபெறுவது வைகாசி, ஆனி மாதங்களை ஒட்டி. அக்காலத்தில் கிழக்குக் கரையில் வெயில் கடுமை, மழை அருமை. ஆகவே காற்றோட்டமும் நுளம்புவலையுமே அங்கு முதன்மையானவை. அதே கூடாரத்தை மார்கழியில் வாடை மழைக்கு எமது வளவில் விரித்தால் கதை வேறு. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலே உள்ள ஹோட்டன் சமவெளியின் குளிருக்கும் பனிக்கும் தேவை வேறு. எல்லாவற்றுக்கும் ஏற்ற ஒரே கூடாரம் வேண்டுமெனின் விலையும் நிறையும் ஏறும். ஆதலால் உங்கள் பயணத்துக்கு வேண்டியதை மாத்திரம் கேளுங்கள்.

நிறைக் கணக்கு

நீண்ட தூரம் நடப்பவர் தம் உடல் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேற் சுமவாதிருத்தல் நன்று என்பது பொதுவான அறிவுரை. 55 கிலோ நிறையுள்ள மாணவனுக்கு அது 11 கிலோ. காட்டு வழியில் மூன்று லீற்றர் தண்ணீர் எடுத்தால் அதுவே மூன்று கிலோ. அரிசி, உடை, படுக்கை, மருந்து ஆகியவற்றையும் கூட்டினால் கூடாரத்துக்கு எஞ்சுவது சொற்பமே.

மலிவாகக் கிடைக்கும் இருவர் கூடாரங்கள் பல மூன்று, நான்கு கிலோ நிறையுள்ளவை. இரண்டு கிலோ அளவில் உள்ளதை வாங்கி, துணியை ஒருவரும் கம்பிகளையும் முளைகளையும் மற்றவருமாகப் பிரித்துச் சுமந்தால் தலைக்கு ஒரு கிலோதான். ஒரு கிலோவுக்கும் குறைந்த கூடாரங்களும் உலகில் உண்டு. ஆனால் அவற்றின் விலை மாணவர் எட்டக்கூடியதன்று. இரண்டு கிலோவில் நிற்பதே நடுவழி.

இங்கே எமது சொந்த ஏமாற்றம் ஒன்றைக் கூறவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கூடாரம் வாங்கினோம். பெட்டியில் அச்சிட்ட நிறையை நம்பினோம். வீட்டிற் கொண்டுவந்து நிறுத்தபோது அரைக் கிலோவுக்கு மேல் அதிகம் நின்றது. துணியையும் கம்பியையும் மாத்திரம் கணக்கிட்டு, முளை, கயிறு, பை ஆகியவற்றை விட்டே அவ்வெண்ணை அச்சிட்டிருந்தனர். ஆகவே முழுக்கட்டின் நிறை எவ்வளவு என்று கேளுங்கள். இயலுமாயின் கடையிலேயே தராசில் இட்டுப் பாருங்கள்.

‘இருவர்’ என்ற சொல்

இருவர் கூடாரம் என்று எழுதியிருப்பதாலேயே இருவர் சுகமாய்ப் படுக்கலாம் என்று எண்ணற்க. ஒருவர் படுக்கும் விரிப்பின் அகலம் 50 முதல் 60 சென்ரிமீற்றர். இரண்டை அருகருகே விரித்தால் 120 வரை ஆகும். கூடாரத் தரை 130 சென்ரிமீற்றர் அகலமேனும் இருந்தாலே தோள் இடியாது. நீளம் 210 சென்ரிமீற்றருக்குக் குறையலாகாது. ஏனெனில் துணி இருபுறமும் சரிந்து இறங்குவதால் தலையும் காலும் அதில் முட்டும். நடுவில் ஒரு மீற்றர் உயரம் இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து உடை மாற்றலாம். இரண்டு பக்கமும் வாசல் இருத்தல் மேலும் நன்று. நள்ளிரவில் ஒருவர் எழுந்தால் மற்றவரை மிதிக்கவேண்டியதில்லை.

வெக்கையும் வியர்வையும்

அம்மம்மா சொன்ன முதற்குறைக்கு மருந்து இரட்டைச் சுவர். உள்ளே வலைத்துணியாலான ஒரு கூடு. அதன்மேல் மழைக்கு ஒரு போர்வை. இரண்டுக்கும் இடையே காற்று ஓடும் வெளி. இருவர் ஓரிரவு விடும் மூச்சிலும் வியர்வையிலும் ஏறத்தாழ அரை லீற்றர் நீர் ஆவியாய் வெளியேறும். ஒற்றைச் சுவராயின் அது துணியின் உட்புறத்திற் பனித்து மேலே சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று நாம் தவறாக எண்ணுவோம். இரட்டைச் சுவரில் அந்நீர் வெளிப்போர்வையிலேயே தங்கிவிடும். மழையற்ற இரவில் போர்வையைக் கழற்றிவிட்டு வலைக்கூட்டில் மாத்திரம் படுத்தால் காற்றும் வரும், விண்மீனும் தெரியும், நுளம்பு வராது. முதற்குறையும் மூன்றாங் குறையும் இவ்வாறு ஒருங்கே நீங்கும். பகல் வெயிலில் மட்டும் எந்தக் கூடாரமும் சூளைதான். அப்போது மரநிழலே மாளிகை.

நிலத்தால் வரும் தண்ணீர்

துணியின் நீர்த்தடையை மில்லிமீற்றரில் குறிப்பர். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரூற்றினால் எத்தனை மில்லிமீற்றர் உயரம்வரை கசியாது தாங்கும் என்பதே அதன் பொருள். மேற்போர்வைக்கு 1,500 போதும். தரைக்கோ முழங்காலும் முழங்கையும் ஊன்றி அழுத்துவதால் 3,000 அளவில் இருத்தல் நலம். தரைத்துணி தொட்டிபோல் நாற்புறமும் சில விரற்கடை மேலெழுந்து தைக்கப்பட்டிருக்கவேண்டும். அவ்விளிம்பு இல்லாத கூடாரத்தில்தான் நிலத்துநீர் உட்புகும். தையல்களின்மேல் உட்புறத்தில் நீர்த்தடை நாடா ஒட்டப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். எவ்வளவு நல்ல துணியாயினும் ஊசித்துளை ஊசித்துளையே.

துணியில் நைலோன், பொலியெஸ்டர் என இருவகை உண்டு. நைலோன் நிறைக்கு ஏற்ற உறுதி மிக்கது. ஆனால் நனைந்தால் நெகிழ்ந்து தொய்யும். பொலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் சற்றுக் கூடத் தாங்கும், விலையும் குறைவு. நமது நாட்டு வெயிலுக்கும் மாணவர் பணப்பைக்கும் பொலியெஸ்டரே பொருத்தம்.

கம்பியும் முளையும்

விலை குறைந்த கூடாரங்களின் கம்பி கண்ணாடி நாரினால் ஆனது. அது பாரமானது, முறிந்தால் சிராய் சிராயாகப் பிளந்து துணியையும் கிழிக்கும். அலுமினியக் கம்பி இலேசானது. வளைந்தாலும் ஒரு சிறு குழாயைச் செருகிக் கட்டிச் சமாளிக்கலாம். நிறத்திலும் பையின் அழகிலும் பணத்தைச் செலவிடாது, அலுமினியக் கம்பிக்குச் செலவிடுக.

ஊன்றுகோல் இரண்டை நட்டு நிறுத்தும் கூடாரங்களும் உண்டு. கம்பி வேண்டாமையால் அவை மிக இலேசு. ஆனால் முளை பிடிக்காத நிலத்தில் அவை நில்லா. எமது மணற்காட்டு மணலில் முளையை அடித்து, சோளகக் காற்றுக்கு எதிரே நின்று பாருங்கள், உண்மை விளங்கும். மணலில் முளைக்குப் பதில் சிறு பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்தலே வழி. வளைகம்பிகளால் தானே நிற்கும் குடைவடிவக் கூடாரம் பழகாதவர்க்கு எளிது.

வளவில் ஓர் இரவு

இவ்வாறெல்லாம் ஆராய்ந்து, பொலியெஸ்டர்த் துணி, அலுமினியக் கம்பி, வலைக்கூடு, இரட்டை வாசல் உள்ள ஒரு கூடாரத்தை இளைஞர்கள் வாங்கினர். தராசில் 2 கிலோ 200 கிராம். புறப்படுமுன் வளவில் விரித்து ஓர் இரவு படுக்கவேண்டும் என்று கண்டிப்பாய்க் கூறினோம். கிணற்றிலிருந்து வாளி வாளியாய் அள்ளி மேலே ஊற்றினர். ஒரு மூலைத் தையலில் ஈரம் கண்டது. அதற்குரிய பசையை மறுநாளே பூசினர். காட்டிற் கண்டிருந்தால் என்ன செய்வது?

வேறு சில எச்சரிக்கைகளும் சொன்னோம். கூடாரத்தினுள் அடுப்பு மூட்டலாகாது. தீயும் நச்சுப்புகையும் உயிரைக் கொள்ளும். யானைக் காட்டில் உணவை உள்ளே வைத்து உறங்கலாகாது. கூட்டத்தை விட்டு விலகியும் விரிக்கலாகாது. தேசிய வனங்களில் அனுமதித்த இடத்திலன்றித் தங்கலாகாது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நீர்த்தடைப் பூச்சு பிசுபிசுத்து உரியும். நிழலில் உலர்த்தியே மடிக்கவேண்டும். பணம் போதாதவர்கள் வருந்தவேண்டியதுமில்லை. மழையற்ற காலத்துக்கு ஓர் இலேசான படங்கும் நுளம்புவலையும் ஒரு கயிறும் போதும். அடியார் பலர் அதனினும் குறைவானவற்றோடு நடந்திருக்கின்றனர்.

அன்று மாலை அம்மம்மா விறாந்தையிலிருந்து இறங்கி வந்தார். கூடாரத்தைச் சுற்றி நடந்தார். குனிந்து தரைத்துணியின் உயர்ந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். வலையை முகத்தருகே பிடித்துப் பார்த்தார்.

“அந்தக் காலம் இப்பிடி ஒண்டு தந்திருந்தால் பிள்ளையள் நித்திரை கொண்டிருப்பினம்” என்றார். பின், “போட்டு வாங்கோ, சந்நிதியான் துணை” என்று சொல்லி, முளையொன்று சரியாய் இறங்கவில்லை என்று காலால் ஊன்றி மிதித்துவிட்டு உள்ளே போனார்.

வேறு வழியின்றிக் கூடாரத்தில் வாழ்ந்தவர் ஒருவர், விரும்பிப் புறப்படும் பேரப்பிள்ளைகளுக்காக அதன் முளையை இறுக்கினார். வாங்குவது வீடாயினும் கூடாரமாயினும், அதில் முன்பு வாழ்ந்தவரைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமையன்றோ!