மகனின் போதையை மறைத்தால் குடும்ப மானம் காப்பாற்றப்படுமா?

ஒரு வீட்டில் ஒருவர் ஐஸுக்கோ ஹெரோயினுக்கோ அடிமையாகிவிட்டால், ஊரின் கண் அவர் மீதே விழுகிறது. ஆனால் அவரோடு சேர்ந்து உம்மாவின் தூக்கமும், வாப்பாவின் வியாபாரமும், தங்கையின் கலியாணப் பேச்சும், தம்பியின் படிப்பும் பாதிக்கப்படுகின்றன. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் போதையைத் தடுத்திருப்பதை நமது குத்பாக்கள் அடிக்கடி நினைவூட்டுகின்றன. போதை ஹராம் என்பது அந்தக் குடும்பங்களுக்கும் தெரியும். வீட்டுக்குள் அது வந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆரம்பத்தில் சிறு பணம் காணாமல் போகும். பின்னர் கைபேசி, பின்னர் அலுமாரியில் இருந்த நகை. யார் எடுத்தது என்ற கேள்வி வந்ததும் வீட்டார் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். வாப்பா ஏசுவார், உம்மா அவருக்குத் தெரியாமல் மகனுக்குப் பணம் கொடுப்பார். "நீ கொடுத்த செல்லம்தான்" என்று அவரும், "நீங்க வீட்டைக் கவனிக்கல்ல" என்று இவரும் மோதிக்கொள்ள, பிரச்சினைக்குக் காரணமானவனை விட்டுவிட்டுப் பெற்றோர் இருவரும் எதிரிகளாகிப் போவார்கள். ஒழுங்காக இருக்கும் மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க எவருக்கும் நேரமிருக்காது.

அந்த உம்மாவைக் குறை சொல்வது எளிது. ஹெரோயினுக்கு அடிமையானவர் கடைசியாகப் பாவித்து 8 முதல் 12 மணித்தியாலங்களில் உடல்வலி, நடுக்கம், வாந்தி, வயிற்றோட்டம் என அவதிப்படத் தொடங்குவார். இரண்டாம், மூன்றாம் நாட்களில் அது உச்சத்துக்குப் போகும். பெற்ற மகன் துடிப்பதைக் கண்டு, "இன்றைக்கு மட்டும்" என்று கொடுப்பதே பழக்கமாகிவிடுகிறது. ஐஸ் வேறு விதமானது. நாட்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் போய், இல்லாத குரல்கள் கேட்கவும், மனைவியைக் காரணமின்றிச் சந்தேகிக்கவும், சில வேளை அடிக்கவும் அது கொண்டுபோய் விடும்.

இந்த நிலையில் நமது குடும்பங்கள் வழமையாக மூன்று வழிகளைத் தேடுகின்றன. முதலாவது, அவன் பட்ட கடனை அடைத்துவிடுவது. கடன் அடைந்ததும் அதே வியாபாரி மீண்டும் கடனுக்குக் கொடுப்பான். இரண்டாவது, வெளிநாட்டுக்கு அனுப்புவது. போதைக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனை வழங்கும் வளைகுடா நாடொன்றுக்கு, சிகிச்சை பெறாத ஒருவரை அனுப்புவது எவ்வளவு பெரிய ஆபத்து!

மூன்றாவதுதான் மிகப் பெரிய அநியாயம். "கலியாணம் முடிச்சு வெச்சா திருந்திடுவான்" என்று, உண்மையை மறைத்து இன்னொரு வீட்டுப் பெண் பிள்ளையைக் கொண்டுவருவது. நோய் குணமாவதில்லை, நோயால் பாதிக்கப்படுவோரின் எண்ணிக்கைதான் கூடுகிறது. சில காலத்தில் அந்தப் பெண், கையில் குழந்தையோடு காதி நீதிமன்ற வாசலில் நிற்கிறாள்.

பிறர் குறையை மறைப்பது நல்ல பண்பு என மார்க்கம் கற்றுத் தருகிறது. ஊர் முழுக்கச் சொல்லித் திரியாமல் இருப்பதுதான் அந்த மறைப்பு. வைத்தியரிடமும், பெண் கொடுக்கப் போகும் வீட்டாரிடமும் மறைப்பது அதில் சேராது. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அவனைத் தடுப்பதே அந்த உதவி என விளக்கினார்கள். போதைக்கு அடிமையான மகனுக்குக் குடும்பம் செய்ய வேண்டிய உதவியும் அதுவே.

முதலில் உம்மாவும் வாப்பாவும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். சாப்பாடு உண்டு, சிகிச்சைச் செலவு உண்டு, கையில் பணம் இல்லை. அதை அவன் போதையில் இல்லாத வேளையில், ஏசாமல் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் குடும்பத்தாரும் ஆலோசனை பெறலாம். மனநலப் பிரச்சினைகளுக்கு 1926 உண்டு. அடி உதை நடக்கும் வீட்டில் மனைவி பொறுமை காக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். வீட்டில் போதைப்பொருளை ஒளித்து வைக்க எவரும் இடமளிக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸ் வைத்திருப்பதே மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம்.

சிகிச்சை முடித்து வந்தவர் மீண்டும் விழுவதும் உண்டு. அதைக் கண்டு கைவிட்டுவிடக் கூடாது. சில வாரங்கள் ஹெரோயினை நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. அதே அளவை எடுத்தால் மூச்சு நின்று உயிரே போகலாம். எனவே திரும்பி வந்த முதல் மாதங்களில்தான் வீட்டாரின் கவனம் அதிகம் தேவை.

ஊருக்கும் ஒரு கடமை உண்டு. நானாவின் போதைக்காகத் தங்கையின் சம்பந்தத்தைத் தட்டிக் கழிக்கும் ஊரில் எந்தக் குடும்பமும் உண்மை பேசாது. பள்ளிவாசல் நிர்வாகங்கள் விற்பவனைப் பற்றிப் பொலிஸாருக்கு அறிவிக்கட்டும். அதே வேளை, நொந்துபோன ஓர் உம்மா இரகசியமாக வந்து பேசக்கூடிய, நம்பிக்கைக்குரிய இருவரையாவது மஹல்லாவில் நியமிக்கட்டும். அல்லாஹ் நமது பிள்ளைகளையும் குடும்பங்களையும் பாதுகாப்பானாக.