பதில்கள் யார் கையில்?

திறமூல மென்பொருளுக்குப் பெரும்பாலும் வாடிக்கையாளர் சேவை எண் கிடையாது. வைஃபை பிடிக்கவில்லை என்றால், அதே மென்பொருளைப் பயன்படுத்துகிற மற்றவர்களிடம்தான் கேட்டாக வேண்டும். எங்கே கேட்பது என்பதை அந்தந்தக் குழு முடிவு செய்கிறது. கூட்டம் இருக்கும் இடத்துக்கே போய்விடுவது சுலபம். ஆனால் இடம் யாருடையது என்று முதலில் பார்ப்பது அவசியம்.

உதாரணத்துக்கு, ஐஆர்சி என்ற இணைய அரட்டை முறை 1988இல் பின்லாந்தில் பிறந்தது. அதில் திறமூலக் குழுக்கள் அதிகம் கூடிய இடம் ஃப்ரீநோட். அதன் கட்டுப்பாடு தனியார் ஒருவர் கைக்குப் போய்விட்டது என்று சொல்லி, நடத்திவந்த தன்னார்வலர்கள் 2021 மே 19 அன்று கூட்டாக விலகினார்கள். லிபெரா சாட் என்ற மாற்றைத் தொடங்கினார்கள். உபுண்டு, விக்கிமீடியா குழுக்கள் அங்கே போயின. அடுத்த வாரமே, தலைப்பு வரியில் லிபெராவின் பெயர் இருந்த நூற்றுக்கணக்கான அறைகளை ஃப்ரீநோட் நிர்வாகம் கைப்பற்றியது. வீடு மாறிய விலாசத்தை வாசலில் எழுதி ஒட்டக்கூட விடவில்லை!

நிறுவனங்கள் தரும் இலவசச் சேவையிலும் இதே ஆபத்து உண்டு. 2022 செப்டம்பர் முதல் ஸ்லாக் என்ற அரட்டைத் தளத்தின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்க முடிகிறது. 2024இலிருந்து, ஓராண்டு கடந்தவை அழிக்கப்படுகின்றன. போன வருடம் ஒருவர் பொறுமையாக எழுதிய தீர்வு இன்று தேடுகிறவருக்குக் கிடைக்காது. அதே கேள்விக்கு இன்னொருவர் மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டும். தன்னார்வலர்கள் சலித்துப்போவது இப்படித்தான். 2025 ஜூனில் குபர்னெட்டிஸ் என்ற மென்பொருளின் பெரிய திறமூலக் குழுவுக்கு ஸ்லாக் இலவசமாகத் தந்துவந்த கட்டணத் திட்டச் சலுகையே நிறுத்தப்படும் என்று தகவல் வந்தது. சில நாட்களில் ஸ்லாக் முடிவை மாற்றிக்கொண்டதால் தப்பித்தார்கள்.

ரஸ்ட் நிரல்மொழியை உருவாக்கும் குழுவினர் பயன்படுத்தும் ஸுலிப் என்ற அரட்டைத் தளம் எனக்குப் பிடித்த வழி. அங்கே உரையாடல்கள் தனித்தனித் தலைப்பின்கீழ் நிற்கும். ‘வைஃபை பிடிக்கவில்லை’ என்ற தலைப்பைத் திறந்தால் கேள்வியும் பதிலும் வரிசையாக இருக்கும், நடுவே வேறு பேச்சு குறுக்கிடாது. குழு விரும்பினால் கணக்குத் தொடங்காதவர்களும் படிக்கலாம். ஸுலிப்பே திறமூல மென்பொருள் என்பதால் சொந்த சர்வரிலும் நிறுவலாம். ஆனால் புதுப்பிப்பு, காப்பு நகல், குப்பைச் செய்தி என்று அன்றாட வேலை நிறைய. அதற்கு ஆள் இல்லாத சிறு குழு சொந்த சர்வர் ஆசையை விட்டுவிடலாம். திறமூலக் குழுக்களுக்கு ஸுலிப்பே இலவசமாக இடம் தருகிறது.

எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும், ஆட்களை அழைக்கும் முன் சில சோதனைச் செய்திகளைப் போட்டு, அவை முழுவதையும் பதிவிறக்கி, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்தத் தளம் வேண்டாம்.