குடிக்காதவன் போன ஒயின் விருந்து

"ஒயின் விருந்துக்கா? நீங்களா?" என்று என் மனைவி வியந்தது நியாயம்தான். அறுபத்தெட்டு வயதுவரை நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. இதைக் கொள்கை என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். வெறும் பயம். மதுரையில் மில் வேலை பார்த்த என் அப்பா சம்பள நாளன்று வீடு திரும்பும்போது, அவருக்கு முன்னால் அந்த வாடை வாசலில் வந்து நிற்கும். அம்மா எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவாள். நான் பம்பாய்க்கு ரயிலேறிய அன்று அவள் என்னிடம் கேட்டு வாங்கிய சத்தியம் ஒன்றே ஒன்று.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு சிறிய அறக்கட்டளைக்குப் பொருளாளராக இருக்கிறேன். புற்றுநோய் சிகிச்சைக்காக வெளியூர்களிலிருந்து பரேலுக்கு வரும் ஏழைக் குடும்பங்களுக்குத் தங்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் கொடுக்கிறோம். சென்ற ஆண்டு தென் மும்பைத் தொழிலதிபர் ஒருவர் சொல்லியனுப்பினார். தாம் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கும் அரிய ஒயின்களைத் திறந்து, இருபது நண்பர்களுக்கு வீட்டிலேயே விருந்து வைக்கிறாராம். அவர்கள் தரும் நன்கொடை எங்களுக்காம்.

கமிட்டியில் பெரிய விவாதம். மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே அறிவித்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல் என்று அது தாக்கும் இடங்களின் பட்டியல் நீளம். "மதுவை ஊற்றிக் கொடுத்து அந்தக் காசில் நோயாளிக்குச் சோறு போடுவதா?" என்று கேட்டார் எங்கள் டாக்டர் உறுப்பினர். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "மழைக்கு முன்னாடி கூரையை மாத்தணும் சார். காசு எங்கேயிருந்து வந்துச்சுன்னு கூரை கேட்காது."

கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டோம். ஒயின், சாப்பாடு, பணியாட்கள் எல்லாச் செலவும் அவருடையது. நன்கொடை முழுவதும் காசோலையாக நேரே அறக்கட்டளையின் பெயருக்கு வரவேண்டும். அழைப்பிதழில் மது பாட்டில் படத்தோடு எங்கள் பெயரைச் சேர்க்கக் கூடாது. மூன்றுக்கும் சம்மதித்தவர், தம் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார். பொருளாளர் கட்டாயம் வரவேண்டும்!

போனேன். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று கண்ணாடிக் கோப்பைகள். எனக்கும்தான். கூடவே நடுவில் ஒரு வெள்ளிப் பாத்திரம். சுவை பார்ப்பவர்கள் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு அதில் துப்பிவிடலாமாம். ஒயினைப் பற்றி விளக்க ஒரு நிபுணரும் வந்திருந்தார். முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு ஒயின் வயதாக ஆக வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வரும். வெள்ளை ஒயினோ நேர்மாறாக, ஆழ்ந்த தங்க நிறமாகும். பிறகு கோப்பையைச் சுழற்றி முகர வேண்டும். நாக்கின் வேலை அதற்கப்புறம்தான் என்றார்.

முதலில் வந்த வெள்ளை ஒயின் பிரான்ஸில் பர்கண்டிப் பகுதியில் உள்ள போன் நகரத்துடையது. (தொலைபேசி இல்லை, ஊர்ப் பெயர்!) அதன் கதையைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1443-ல் நிக்கோலா ரோலன் என்ற அமைச்சரும் அவர் மனைவியும் ஏழைகளுக்காக அங்கே ஒரு மருத்துவமனை கட்டினார்கள். பிறகு பலரும் தங்கள் திராட்சைத் தோட்டங்களை அதற்குத் தானமாக எழுதி வைத்தார்கள். நம் ஊர்க் கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பது போலத்தான். இன்று ஏறக்குறைய 150 ஏக்கர் தோட்டம். 1859 முதல் அந்த ஒயின் பீப்பாய் பீப்பாயாக ஏலத்தில் விற்கப்பட்டு, பணம் மருத்துவமனைக்குப் போகிறது. நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஏல நாள். பழைய கட்டடம் இப்போது அருங்காட்சியகம். ஆனால் 1971 வரை அங்கே நோயாளிகள் இருந்தார்கள். எங்கள் டாக்டர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

அடுத்து அன்றைய கதாநாயகன், 1982-ஆம் ஆண்டு போர்டோ சிவப்பு ஒயின், இரண்டு பாட்டில்கள். பழைய ஒயினில் அடியில் வண்டல் தங்கும். அதனால் பாட்டில் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, வெளிச்சத்தில் வண்டல் நகர்வதைப் பார்த்தபடியே நிபுணர் வேறு குடுவைக்கு ஊற்றினார். "குடிக்காதவர் முதலில் முகர்ந்து சொல்லட்டும்" என்று வீட்டுக்காரர் வேடிக்கையாக முதல் பாட்டிலிலிருந்து கொஞ்சம் என்னிடம் தரச் சொன்னார்.

முகர்ந்தேன். 2005 ஜூலை 26 வெள்ளத்தில் எங்கள் அலுவலகக் கீழ்த்தளம் மூழ்கியது. தண்ணீர் வடிந்தபின் பேரேடுகளை வெயிலில் காயவைத்தோமே, அதே நெடி! "மன்னிக்கணும், நனைந்து காய்ந்த கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நிபுணர் சிரிக்கவில்லை. தாமும் முகர்ந்துவிட்டு, "இவர் சொல்வது சரி" என்றார். தக்கையில் பூஞ்சை பிடித்து, குளோரின் கலந்த பொருள்களோடு சேரும்போது உண்டாகும் ஒரு ரசாயனத்தின் வேலையாம் அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஒயினின் மணத்தைக் கொன்றுவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் திறக்கும்வரை தெரியாது.

"பரவாயில்லை, ஊற்றுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் ஒரு விருந்தாளி. வீட்டுக்காரர் அந்தக் குடுவையைத் தாமே எடுத்து ஓரமாக வைத்தார். "எனக்குத் தெரியுமே" என்றார். மீதியிருந்த ஒரே பாட்டில் இருபது பேருக்கும் பங்கிடப்பட்டது. ஆளுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி, கோயில் தீர்த்தம் மாதிரி!

அந்த நல்ல பாட்டிலையும் முகரக் கொடுத்தார்கள். சீவிய பென்சில், பழுத்த பழம், மரப்பெட்டி... உண்மையைச் சொல்கிறேன், மிக இனிய மணம். அப்பாவின் வாடை அதில் துளியும் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. இத்தனை நாளும் என்னைக் காத்தது அந்த நாற்றத்தின் மேல் இருந்த வெறுப்பு என்று நினைத்திருந்தேன். இங்கே வெறுக்க ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு மட்டும்தான் இருந்தது. கோப்பையை மேசையில் வைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை.

கடைசியாக வந்தது இனிப்பான சோத்தர்ன். பூஞ்சை படர்ந்து சுருங்கிய திராட்சையிலிருந்து எடுப்பது. அந்த வகையில் புகழ்பெற்ற இகெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின்தான் தேறுமாம். தக்கையில் வந்தால் கேடு, பழத்தில் வந்தால் பேறு. பூஞ்சைக்கும் இடம் பொருள் ஏவல் உண்டு போலிருக்கிறது!

மறுநாள் காலை இருபது ரசீதுகள் எழுதினேன். விருந்துச் செலவு என்று எங்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. மழைக்கு முன் கூரை வேலை முடிந்தது. டாக்டரிடம் போன் நகரத்துக் கதையைச் சொன்னேன். "அங்கேயும் குடித்துக் கெட்டவன் அதே மருத்துவமனைக்குத்தானே வந்திருப்பான்?" என்றார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

நம் சங்க அன்பர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். நிதி திரட்ட யாராவது விருந்து வைத்தால், இலையில் என்ன, கோப்பையில் என்ன என்று கேட்பதற்கு முன், செலவு யாருடையது, பணம் யார் பெயருக்குப் போகிறது என்று கேளுங்கள். கெட்ட பாட்டிலைத் தாமே ஓரமாக எடுத்து வைப்பவர் வீடு என்றால், தைரியமாகப் போய்வரலாம்.