புல்லட்டைத் தொடுமுன் புத்தகத்தைத் தொடுங்கள்!

திருநெல்வேலியில் இருந்து ஆதிச்சநல்லூர் வழியாகத் திருச்செந்தூர் போகும் சாலையில் "டப், டப்" என்று சத்தம் கேட்டால், திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம், வருவது புல்லட் என்று!

இங்கிலாந்தில் பிறந்த வண்டி இது. இதைச் செய்வதற்காக 1955-ம் ஆண்டு சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கப்பட்டது. இன்றும் பெயர் புல்லட்தான். ஆனால், என்ஜின் ஒன்றல்ல!

பழசும் புதுசும்

பழைய புல்லட்டில் எண்ணெய் மூன்று இடங்களில் ஊற்றவேண்டும். என்ஜினில் ஒன்று, கியர் பெட்டியில் ஒன்று, கிளட்ச் பக்கத்துச் சங்கிலிப் பெட்டியில் ஒன்று. டாப்பெட்டைக் கையால் சரிசெய்ய வேண்டும்.

2008-ம் ஆண்டு அறிமுகமான என்ஜினில் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். டாப்பெட் எண்ணெய் அழுத்தத்தால் தானாகவே சரியாகிக் கொள்ளும். 2023-ல் வந்த புல்லட்டிலோ மறுபடியும் டாப்பெட்டைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

"எத்தனை புல்லட் பார்த்திருக்கிறேன்!" என்று ஞாபகத்தை நம்பிக் கழற்றினால் என்ன ஆகும்? கியர் பெட்டி வறண்டால் பல்சக்கரம் தேயும். டாப்பெட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் வால்வு சரியாக மூடாது; சூட்டில் கருகிவிடும். சின்ன வேலை பெரிய செலவாகும்.

ஆகவே, பழுது பார்க்கும் புத்தகம் வாங்கும்போது வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். ஸ்பேனரை எடுக்குமுன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். படமும் இருக்கும், அளவும் இருக்கும்.

புத்தகத்தைப் புரட்டும் மெக்கானிக்கைத் "தொழில் தெரியாதவர்" என்று எண்ணாதீர்கள். உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறவர் அவர்தான்!